நிஷா மாவு

பாளையம்பட்டி கடைத்தெருவில் தங்கச்செல்வியின் மாவு மில்லைத் தெரியாதவர்கள் கிடையாது. மாமனார் காலத்து மில். அரிசியோ கம்போ மிளகாயோ, எதைக் கொண்டுவந்து கொட்டினாலும் அரைத்துக் கொடுத்து, பதினெட்டு வருஷமாக அந்த ஒற்றை மெஷினோடு மல்லுக்கட்டியவள் அவள். அப்பேர்ப்பட்டவளுக்கு எதிர்க்கடை ரஹ்மத் நிஷாவின் பேரைக் கேட்டாலே வயிறு பற்றிக்கொண்டு எரியும்.

நிஷா கெட்டவள் என்று சொல்ல ஒரு காரணம் அகப்பட்டிருந்தால் தங்கச்செல்விக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். அதுதான் அகப்படவில்லை. புருஷன் பீர் மைதீன் சவுதியில் இருக்கிறார். நிஷா இங்கே கடலை வறுத்து விற்றுக்கொண்டிருந்தாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் கடைக்காரர்களை எல்லாம் கூட்டிவைத்து, "ஆளாளுக்குத் தனித்தனியா ஈ ஓட்டிக்கிட்டு இருக்கோம். சனம் பூராம் டவுனுப் பெரிய கடைக்குப் பஸ்ஸு ஏறிப் போகுது. நாம ஒண்ணு சேந்து ஒரு யாவாரம் பண்ணா என்ன?" என்று கேட்டாள்.

அவள் கேட்டால் யாருக்குத்தான் மறுக்க வாய் வரும்? நரிக்குடிப் பக்கம் வெள்ளாமை செய்கிற சம்சாரி அருஞ்சுனையும் அவர் ஊர்க்காரர்களும் கம்பும் குதிரைவாலியும் கொடுப்பது என்று முடிவானது. புரோக்கர் அடிமாட்டு விலைக்குக் கேட்டதை இவர்கள் நியாயமான விலைக்கு எடுத்தார்கள். நிஷா அதோடு கடலையும் சேர்த்து வறுத்தாள், தங்கச்செல்வி அரைத்தாள், பலசரக்குக் கடை உக்கிரபாண்டி பாக்கெட் போட்டு விற்றார். லாபத்தில் எல்லாருக்கும் சமபங்கு. பத்துப் பாக்கெட்டுக்கு ஒன்று பால்வாடிப் பிள்ளைகளுக்கு இலவசம். பாக்கெட்டின் மேல் 'பாளையம்பட்டி சத்துமாவு' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்தார்கள்.

அச்சடித்து என்ன புண்ணியம்? ஊர் வாய்க்கு யார் அச்சடிப்பது? வருகிறவர்கள் எல்லாம் "நிஷா மாவு ஒண்ணு குடுங்க" என்றுதான் கேட்டார்கள். காரியாபட்டியிலிருந்து ஆர்டர் வந்தது, அதுவும் நிஷா மாவுக்குத்தான். அரைக்கிறவள் தும்மித் தும்மிச் சாக, வறுக்கிறவளுக்குப் பேர். ஒருநாள் ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த வீட்டுக்காரர் முத்துராமலிங்கமே, "செல்வி, அந்த நிஷா மாவுல கொஞ்சம் கஞ்சி காச்சேன்" என்றார். கஞ்சி வந்தது. அதில் உப்பு இல்லை. பொண்டாட்டியின் முகத்தைப் பார்த்த மனுஷர் உப்புக் கேட்காமலே குடித்துவிட்டு எழுந்துபோனார்.

இதைவிட அவளுக்குப் பொறுக்காதது ருசி பார்க்கிற வேலை. செவ்வாய்க்கிழமைதோறும் சத்துமாவு அரைப்பு. சூடாக விழுகிற மாவை வெள்ளை வேட்டியில் பரப்பி ஆறவைப்பார்கள். நிஷா வருவாள், ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைப்பாள், கண்ணை மூடுவாள். தெருவே காத்திருக்கும். "ம், கட்டலாம்" என்று அவள் சொன்னால்தான் பாக்கெட் கட்டுவார்கள். 'ஏம் மில்லுல ஏங் கையால அரைச்ச மாவுக்கு இவ யாரு சர்டிபிகேட் குடுக்க?' என்று தங்கச்செல்விக்குள் ஒவ்வொரு செவ்வாயும் கொதிக்கும். முகத்தில் மட்டும் சிரிப்பு இருக்கும். அந்தச் சிரிப்புக்கே தனியாகக் கூலி கொடுக்கலாம்.

அது மாசி மாதம். புது மிளகாய் வரத்து. திங்கள்கிழமை பொழுது இறங்கும்வரை தங்கச்செல்வி மிளகாயாக அரைத்துத் தள்ளினாள். மிளகாய் அரைத்தால் தூள் மெஷினுக்குள்ளும், மாவு விழுகிற துணிப்பையிலும் அப்பிக்கொண்டு நிற்கும். பையை உதறி, இரண்டு படி நொய்யரிசியை ஓட்டி, அதைக் கோழிக்குப் போட்டுவிட்டுத்தான் அடுத்த அரைப்பு. மில்லுக்காரி தூக்கத்தில்கூட மறக்கமாட்டாள்.

மறுநாள் காலையில் நொய்யரிசியைப் படியில் அளந்து கையில் எடுத்தவள், அப்படியே நின்றாள். அன்றைக்கு ரம்ஜான் நோன்பின் மூன்றாம் நாள். போன வருஷ நோன்பிலும் நிஷா ருசி பார்க்காமலேதான் கட்டச் சொன்னாள். நோன்புக்காரி எச்சில் விழுங்கவே யோசிப்பாள், மாவையா ருசி பார்க்கப் போகிறாள்? மாவு அப்படியே பாக்கெட்டுக்குப் போகும், ஊருக்குப் போகும். குடித்தவன் காறித் துப்பிக்கொண்டு என்ன சொல்வான்? நிஷா மாவு காரம் என்பான். மிளகாய் வறுத்த சட்டியிலேயே கம்பையும் வறுத்துவிட்டாள் என்பான். பேர் அவளுக்கென்றால் பழியும் அவளுக்கே இருக்கட்டுமே!

நொய்யரிசியைத் திரும்பச் சாக்கில் கொட்டினாள். மெஷினைப் போட்டாள். வறுத்து வந்த இரண்டு மூட்டையில் ஒரு மூட்டை மாவாகி வேட்டியில் விழுந்தது. நிறுத்துவதற்குச் சுவிட்சு பக்கம் அவள் கை போகவில்லை.

ஒன்பது மணி வாக்கில் உக்கிரபாண்டி பாக்கெட் கட்டோடு வந்தார். அருஞ்சுனையும் வந்து நின்றார், பால்வாடிப் பங்கைப் பத்து மணி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போக. நிஷா கடைசியாக வந்தாள். உதடு காய்ந்திருந்தது. மாவுக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"நான் நோம்பு. இன்னைக்கு நாக்குல வைக்க முடியாது" என்றவள், தங்கச்செல்வியைப் பார்த்தாள். "அக்கா, நீங்க பாத்துச் சொல்லுங்க. நீங்க சொன்னாச் சரி."

தங்கச்செல்விக்குத் தூக்கிவாரிப்போட்டது. மூன்று வருஷமாக எந்த வேலைக்கு ஏங்கினாளோ அது தானாகக் கைக்கு வருகிறது, அதுவும் இன்றைக்குப் பார்த்து.

"சீக்கிரம் சொல்லுங்கம்மா" என்றார் அருஞ்சுனை, வாயெல்லாம் பல்லாக. "ஏம் மக முருகலட்சுமி வழி பாத்துக்கிட்டு இருக்கா. பேத்திக்கு ஆறு மாசம் முடிஞ்சிருச்சு. இன்னைக்குத்தான் முதக் கஞ்சி."

தங்கச்செல்வி ஒரு சிட்டிகை எடுத்தாள். நாக்கில் வைத்தாள். முதலில் கம்பு வாசம், பின்னால் கடலை, அதற்கும் பின்னால் நெருப்பு. தொண்டைவரை சுறுசுறுவென்று இறங்கியது. கண்ணில் நீர் முட்டியது. மூன்று பேரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'கட்டலாம்' என்கிற ஒரு சொல் போதும், நிஷாவின் பேர் நாறிவிடும். அவள் கண்ணுக்கு முன்னால் பல் முளைக்காத ஒரு பொக்கை வாய் வந்து நின்றது.

"கட்டாதீக" என்றாள். "காரமா இருக்கு. மெஷினுல மிளகாத்தூளு தங்கிருச்சு."

உக்கிரபாண்டி பதறி, தானும் கொஞ்சம் வாயில் போட்டு இருமினார். நிஷா அவரிடம் திரும்பினாள். "பாத்தீகளாண்ணே? வேற யாருன்னா மூடி மறைச்சிருப்பாக. இனிமே நோம்பு முடிஞ்சாலும் அக்காதான் ருசி பாக்கணும். அடுத்த தடவ பாக்கெட்டுல 'அரைப்பு: தங்கச்செல்வி மாவு மில்'னு போட்டுருங்க."

"போட்ருவோம்" என்றார் உக்கிரபாண்டி. பாக்கெட் கட்டைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனார். அருஞ்சுனை, "நான் மத்தியானப் பஸ்ஸுக்கே போய்க்கிறேன்" என்று டீ குடிக்க நடந்தார்.

மில்லில் இரண்டு பொம்பளைகள் மட்டும். ஆசைப்பட்டது அத்தனையும் கிடைத்துவிட்டது, ஒரு நிமிஷத்தில். தங்கச்செல்விக்கு நாக்கில் இருந்த காரம் நெஞ்சுக்கு இறங்கியது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"ஏம் பேரப் போடாதீகடி" என்று வெடித்தாள். "தெரிஞ்சேதான் ஓட்டுனேன். நொய்யரிசிய அளந்துட்டுத் திருப்பிக் கொட்டுனேன். ஒன் பேரு கெடணும்னுதான்."

நிஷா வேட்டியின் முனைகளைச் சேர்த்துப் பிடித்து மாவைக் குவித்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"தெரியும்க்கா. குனியும்போதே நெடி ஏறிருச்சு. வாய்க்குத்தான நோம்பு, மூக்குக்கு ஏது?"

"அப்பறம் எதுக்குடி என்னையப் பாக்கச் சொன்ன?"

"நீங்க என்ன சொல்றீகன்னு பாக்கத்தான்." இப்போதுதான் நிமிர்ந்தாள். கண் சிவந்திருந்தது. "நல்லாருக்குன்னு சொல்லியிருந்தீகன்னா, நோம்ப விட்டுட்டு நானே நாக்குல வச்சிருப்பேன். விட்ட நோம்ப அப்பறம் பிடிச்சுக்கிடலாம். ஆனா ஒங்க மூஞ்சில முழிச்சிருக்க மாட்டேன்."

தங்கச்செல்வி குனிந்து வேட்டியின் மறுமுனையைப் பிடித்துக் கொடுத்தாள்.

"பேரு போடத்தான் போறோம்" என்றாள் நிஷா, மூட்டையை முடிந்துகொண்டே. "ஒங்க பேரு இருந்தாத்தான் மெஷின ஒழுங்காத் தொடைப்பீக. இந்தக் கார மாவுல நாம அடை தட்டிக்கிடலாம். பிள்ளைகளுக்கு அந்த இன்னொரு மூட்டைய அரைங்க. மத்தியானப் பஸ்ஸுக்குள்ள ஆகணும்."

சொல்லிவிட்டுத் தெருவைக் கடந்து கடைக்குப் போய்விட்டாள்.

பொறாமை போய்விட்டதா என்றால், எங்கே போனது? போகவில்லை. இதுவரை நிஷாவின் பேரைப் பார்த்து எரிந்தது. இப்போது அவளையே பார்த்து எரிந்தது, நாம் இப்படி ஒருத்தியாக இல்லாமல் போனோமே என்று. முன்னதைவிட இதற்குக் காரம் அதிகம்.

தங்கச்செல்வி துணிப்பையைக் கழற்றி வாசலில் உதறினாள். படியை எடுத்து நொய்யரிசியை அளந்து ஓட்டினாள். இரண்டு படி ஓட்டினால் போதும். ஒவ்வொரு படிக்கும் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். நாலு படி ஓட்டியும் மனசு ஆறவில்லை. ஐந்தாவது படியை அளந்தாள்.