ஆறாம் அறைக்கு வந்த கடல்

முதலாண்டு மாணவியர் விடுதியின் ஆறாம் எண் அறைக்குள் தினமும் சாயங்காலம் கடல் வந்து போனது. தூத்துக்குடிப் பழைய துறைமுகத்துக்கும் அந்தக் கல்லூரிக்கும் நடுவே தண்டவாளம் இருக்கிறது, உப்புக் கிட்டங்கிகள் இருக்கின்றன, எந்நேரமும் லாரி போகிற சாலை இருக்கிறது. கடல் இவை எதையும் நனைக்காமல் நேராக அந்த அறைக் கதவின் இடுக்கு வழியே நுழைந்து, முழங்கால்வரை ஏறி நின்று, ராச்சாப்பாட்டு மணி அடிக்கையில் வடிந்துவிடும். 'கடற்கரையோர விடுதி, குறைவில்லாத தண்ணீர் வசதி' என்று கல்லூரி தன் விளம்பரத்தில் அச்சடித்திருந்தது. ஆகையால் நிர்வாகம் பொய் சொன்னதாக யாரும் குற்றம் சாட்ட முடியவில்லை.

இயற்பியல் படிக்க வந்து அந்த அறையில் தங்கிய ஜெமிமா சாத்தான்குளத்துப் பெண். தேரி என்கிற செம்மணல் மேட்டில் வளர்ந்தவள். அப்பா கிருபாகரன் அங்கே மிஷன் பள்ளித் தலைமையாசிரியர். முதல் நாள் தண்ணீர் ஏறியபோது அவள் கட்டிலில் காலை மடக்கி உட்கார்ந்து அழுதாள். உடன் தங்கியிருந்த கிளாடிஸ் வேம்பாரில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவள். அவள் விரலை முக்கி நாக்கில் வைத்துப் பார்த்து, "கடல் ஏத்தந்தாம்ளா. வத்துனா போயிரும். செருப்ப மட்டும் மேல எடுத்து வையி," என்றாள். விடுதிக் காப்பாளர் விஜிலா மேடத்திடம் போய்ச் சொன்னபோது அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பழைய கட்டடம்னா ஓதம் இருக்கத்தான் செய்யும்," என்றார். அதிலும் பிழை காண முடியாது. சுவரில் ஊறும் ஈரத்துக்கு மட்டுமல்ல, கடல் பொங்குவதற்கும் பழந்தமிழில் ஓதம் என்றுதான் பெயர்.

ஆடி போய் ஆவணி வந்தது. முதலாண்டுப் பிள்ளைகளுக்கு ஒதுக்கிய அந்தக் கட்டடத்தில் கடலைவிடப் பெரிய கஷ்டங்கள் இருந்தன. ஒரு மாடிக்கு ஒரே குளியலறை, அதற்கும் கொண்டி கிடையாது. உள்ளே இருப்பவள் வெளியே வரும்வரை ஒரு தோழி கதவைப் பிடித்துக்கொண்டு பாட்டுப் பாட வேண்டும். மின்விசிறி எந்தத் தலைமுறையிலோ நின்றுபோனது. சாம்பாரில் பருப்பு தட்டுப்பட்டால் அந்த மேசையே கைதட்டும். இவற்றுக்கு நடுவில் சொன்ன நேரத்துக்கு வந்து, சொன்ன நேரத்துக்குப் போனது கடல் ஒன்றுதான். வெக்கை தணிந்தது. வடிகிற தண்ணீர் சில நாள் சாளை மீனை விட்டுப்போகும். கிளாடிஸ் இஸ்திரிப்பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் பொரித்துக் கொடுப்பாள். கட்டில் காலில் முத்துச்சிப்பிகள் ஒட்டத் தொடங்கின. கட்டில் விடுதியின் சொத்து, ஆகவே சிப்பியும் விடுதியின் சொத்து என்று மறுநாளே அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டப்பட்டது. மின்விசிறிக்கு இல்லாத வேகம் அதற்கு இருந்தது. ஜெமிமா இரண்டு கட்டில்களுக்கு நடுவே, கிளாடிஸ் வயிற்றுக்கடியில் கை கொடுக்க, நீந்தக் கற்றுக்கொண்டாள்.

வீட்டுக்கு மட்டும் அவள் எதையும் சொல்லவில்லை. "ரூம் எப்பிடிளா இருக்கு?" என்று அப்பா போனில் கேட்டால், "நல்ல காத்தோட்டம்ப்பா," என்பாள். வீட்டிலிருந்தே போய்வரும்படி பக்கத்தில் ஏதாவது கல்லூரியில் சேர்ப்பதுதான் அவருடைய முதல் எண்ணம். ஒரு சாக்குக் கிடைத்தால் பெட்டியைக் கட்டிவிடுவார் என்று அவளுக்குத் தெரியும். கடலை நினைத்துப் பயந்த காலம் போய், கடலைப் பற்றி அப்பாவுக்குத் தெரிந்துவிடுமோ என்று பயந்துகொண்டிருந்தாள்.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்த கையோடு, கிருபாகரன் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார். பெற்றோர் அறைவரை வரலாம் என்ற நாள் அது. கட்டிலில் உட்கார்ந்து வீட்டுக் கதையெல்லாம் பேசிக்கொண்டிருந்தவரை ஜெமிமா வெளியே அழைத்துப்போகப் பலவாறு முயன்றாள். அவர் அசையவில்லை. சாயங்காலமாயிற்று, கடல் வந்தது. அவர் கழற்றி வைத்திருந்த சப்பாத்துகள் மிதந்து கதவுப்பக்கம் போயின. ஒரு முரல் மீன் துள்ளி அவர் மடியருகே விழுந்து மறுபடி தண்ணீருக்குள் போயிற்று. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"பெட்டிய எடு," என்றார்.

"நா வரலப்பா."

அப்பாவிடம் அவள் சொன்ன முதல் மறுப்பு அதுதான். அதோடு அவள் நிறுத்தவில்லை. "இங்கன சாப்பாடு வாயில வைக்க முடியல. குளிக்கித ரூமுக்குக் கொண்டி இல்ல. ஃபேன் ஓடல. எல்லாம் நெசந்தான். ஆனா இந்தக் கடலுக்காவ என்னயக் கூட்டிட்டுப் போயிராதிய. நா நீந்தப் படிச்சிட்டேன்." சொல்லிவிட்டு, சுடிதாரோடு தண்ணீரில் விழுந்து கதவுவரை நீந்திப் போய், சப்பாத்துகள் இரண்டையும் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

கிருபாகரன் ஈரச் சப்பாத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு மகளைப் பார்த்தார். சாத்தான்குளத்தில் ஊருணி நிறைந்த காலத்தில்கூட இவள் கரையைத் தாண்டி இறங்கியதில்லை.

"கொண்டி இல்லியா?" என்றார்.

பிறகு நடந்ததை விடுதி அலுவலகத்தில் இருந்த எல்லோரும் கேட்டார்கள். முட்டுவரை நனைந்த கால்சட்டையோடு போய் நின்று, கொண்டி இல்லாத கதவைப் பற்றியும், ஓடாத மின்விசிறியைப் பற்றியும், பிள்ளைகளுக்குப் போடுவதாகச் சொல்லிப் போடாத பருப்பைப் பற்றியும், காலாண்டுத் தேர்வில் தோற்ற வகுப்பைக் கண்டிக்கிற குரலில் அவர் பேசினார். விஜிலா மேடம் எழுந்து நின்றுவிட்டார். கடைசியில் அவரே தயங்கித் தயங்கி, "அப்போ... அந்தக் கடல், சார்?" என்று கேட்டார்.

"அது வருது, போவுது. அதுக்கென்ன இப்போ?" என்றார் கிருபாகரன்.

அந்த வாரமே கொண்டி வந்தது. கிறிஸ்மஸுக்கு முன்னால் மின்விசிறியும் வந்தது. பருப்பு இன்னும் வரவில்லை. விடுமுறைக்குப் போன ஜெமிமா இதையெல்லாம் தெருவில் சொன்னாள். ஆறாம் அறைக்குக் கடல் வருவதை எல்லோரும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள். முதலாண்டு விடுதியில் புது மின்விசிறி மாட்டினார்கள் என்பதைத்தான் ஒருவரும் நம்பவில்லை.