நடுத்தோட்டத்து மரமும் கொண்டைக்கிளியும்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பசிபிக் கடலில் எங்கள் ஊவேயா தீவின் பச்சைக் கொண்டைக்கிளியைப் பற்றி ஒரு பக்கக் கட்டுரை எழுதத்தான் உட்கார்ந்தேன். உலகில் வேறெங்கும் இல்லாத கிளி. பழைய மரங்களின் பொந்தில்தான் முட்டையிடும். ஒருமுறை சிலவற்றைப் பிடித்துப் பக்கத்துத் தீவான லிஃபூவில் விட்டார்கள்; கடலைத் தாண்டி வீட்டுக்கே திரும்பிவிட்டனவாம். எங்கள் ஆட்களும் அப்படித்தான், தலைநகர் நுமேயாவில் எவ்வளவு நல்ல வேலை கிடைத்தாலும்

(இது கட்டுரைக்கு ஆகாது. இப்படியே கிடக்கட்டும்.)

2

மூன்றாம் பத்தியில் ஒனோரின் வந்துவிட்டாள். ஐம்பது வயது, இடுப்பில் வெட்டுக்கத்தி. ஊருக்காகக் கிளிக்கூடுகளைக் காவல் காப்பவள். அடுத்த ஆண்டு மகனுக்குக் கல்யாணம். பந்தலில் வள்ளிக்கிழங்கைக் குவிக்காத மாப்பிள்ளை வீட்டார் எங்கள் தீவில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. நடுகைக்கு இன்னும் இரண்டே வாரம். அவள் தோட்டத்தின் நடுவில் ஒரு கிழட்டு மரம். அந்த நிழலில் வள்ளிக்கொடி தேறாது. மரப் பொந்தில் இரண்டு குஞ்சுகள்.

தம்பி இசிதோர் கோடரியோடு வந்தான்.

"குஞ்சு எப்பக்கா பறக்கும்?"

"ஆறு வாரம் ஆகும்."

"அதுக்குள்ள நடுற மாசமே போயிரும். சம்பந்திக்குக் கிளியவா அவிச்சுப் போடப் போற?"

"உன் நாக்க அவிச்சுப் போடுறேன். ஊருக்கே போதும்."

(இசிதோரை முதலில் வில்லனாக எழுதினேன். இளமையில் பொந்தைப் பிளந்து குஞ்சு எடுத்தவன்தான். ஆனால் "நீயே வெட்டுக்கா, என்னால ஆகாது" என்று கோடரியை அக்காவிடமே நீட்டிவிட்டான். வில்லத்தனத்தை அடித்துவிட்டேன்.)

3

முடிவு ஒன்று: சம்பந்தி வீட்டார் பெருந்தன்மையாக அரிசியோடு திருப்தி அடைகிறார்கள். (அந்த வீட்டாரை எனக்குத் தெரியும். நடக்காது.)

முடிவு இரண்டு: புயல் வந்து மரத்தைச் சாய்க்கிறது. (சோம்பேறித்தனம்.)

முடிவு மூன்று: ஒனோரின் கோடரியை ஓங்கி

4

ஓங்கவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

"நீ எந்த வழியா உள்ள வந்த?"

"கதை எழுதுறேங்க்கா."

"எழுது, வேணாங்கல. நிக்கிறது எங்க குலத்து மண்ணுல. துணி வச்சியா? ரெண்டு வார்த்த சொன்னியா? வேலி தாண்டுன ஆடு மாதிரி நேரா நடுத்தோட்டத்துல வந்து நிக்கிற."

எனக்கு வெட்கமாகப் போயிற்று. அடுத்தவர் நிலத்தில் கால் வைக்குமுன் துணி ஒன்றைக் கீழே வைத்து, தலை குனிந்து, வந்த காரியத்தைச் சொல்ல வேண்டும். இங்கே குழந்தைக்கும் தெரிந்த வழக்கம். பேனா பிடித்த தைரியத்தில் மறந்துவிட்டேன்.

வீட்டுக்கு ஓடிப்போய்ப் பூப்போட்ட துணி கொண்டுவந்து வைத்தேன். "மரத்த வெட்டுவீங்களா மாட்டீங்களான்னு தெரிஞ்சுக்க வந்தேங்க்கா."

அவள் துணியை எடுத்துக்கொண்டாள். "வெட்ட மனசில்ல. வேலிக்கு அந்தப் பக்கமும் எங்க நிலந்தான், ஆனா முழுக்கப் பவளக்கல்லு. ரெண்டு வாரத்துல ஒடச்சு எடுத்தா அங்க நடலாம். எங்க ரெண்டு பேரால முடியாது."

"நான் இருக்கேனே."

என் கையைப் பார்த்துச் சிரித்தாள். இசிதோர் கோடரியைப் போட்டுவிட்டுக் கடப்பாரை எடுக்கப் போனான்.

"இதப் படிக்கிறவங்களும் கேக்காம கொள்ளாம உள்ள வந்தவங்கதானே?" என்றாள் ஒனோரின். "அவங்க எத்தன பேரு?"