மணலுக்குப் பதிலாக

டீ வாங்கிக்கொண்டு வந்திருக்கிறான், அதுவும் இரண்டு. அப்படியானால் ஏதோ கேட்கப்போகிறான். சும்மா வருகிற நாளில் கையை வீசிக்கொண்டுதான் வருவான். கேட்கட்டும். முடியாத காரியமாக இருந்தாலும் 'சரி' என்று சொல்லிவிட்டு, பிறகு தனியாக உட்கார்ந்து குமைந்துகொண்டிருப்பேன். கல்யாணமான நாளிலிருந்து அதைத்தானே செய்கிறேன்.

விதை அறை வாசலில் நின்ற கொழுந்தனைப் பார்த்து அவள் மனசுக்குள் இவ்வளவும் ஓடியது. வாயோ, "வாங்க தம்பி" என்றது.

நிலக்கரி தோண்டி எடுத்துவிட்டுக் கைகழுவிய சுரங்கம் அது. முன்பு அங்கே புல்டோசர் ஓட்டிய கொழுந்தன்தான் இப்போது அதே மண்ணில் பழைய செடிகொடிகளைத் திரும்ப வளர்க்கும் வேலைக்கு மேற்பார்வை. அவளுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவனும் அவனே. தொழிலாளிகள் தலைக்கவசம் மாட்டிய கொக்கிகளில் இப்போது விதைப்பைகள் தொங்கின. தரையில் விரித்த தார்ப்பாயில், சலூனில் பெருக்கிக் குவித்த முடியைப் போல நாட்டுப்புல் விதை கிடந்தது. ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும் விதை. தனியாகப் போட்டால் விதைக்கும் இயந்திரத்தில் அடைத்துக்கொள்ளும். மணலோடு பிசிறிக் கொடுத்தால்தான் இறங்கும். எவ்வளவுக்கு எவ்வளவு என்பது அவள் கைக்கணக்கு.

"எனக்கு டீ இல்லையா? நான் என்ன சுவத்துல அடிச்ச ஆணியா?" என்றாள் கூட வேலைபார்க்கும் தும்மல்காரி. விதைத்தூசியில் நாளெல்லாம் தும்முகிறவள்.

"உங்களுக்குக் குடுத்தா அதுக்குள்ளயும் தும்முவீங்கக்கா. கேன்டீன்ல சொல்லியிருக்கேன், போய்க் குடிச்சிட்டு வாங்க."

அவளைக் கிளப்பிவிட்டு, வண்டியிலிருந்து ஒரு சாக்கை இழுத்துவந்து போட்டான்.

"பெரிய ஆபீஸ்லேர்ந்து பார்க்க வர்றாங்க அண்ணி. மேற்குச் சரிவைத்தான் பார்க்கணுமாம். பச்சை தெரியலேன்னா வேலையை வேற ஆளுக்கு மாத்திடுவாங்க. அப்புறம் நானும் இல்ல, நீங்களும் இல்ல."

"நம்ம விதை முளைக்கும் தம்பி."

"முளைக்கும், யாரு இல்லேன்னா? முதல்ல கீழ வேர் விட்டு, சோம்பல் முறிச்சு, மேல எட்டிப் பார்க்கிறதுக்குள்ள அவங்க மொட்டை மண்ணைப் பார்த்துட்டுப் போயிடுவாங்க. இது சீக்கிரம் முளைக்கிற சீமைப்புல். மணலுக்குப் பதிலா இதைக் கலந்துடுங்க. கம்பளம் விரிச்ச மாதிரி வந்துடும்."

"கிழக்குச் சரிவுலயும் கம்பளம்தான் விரிச்சாங்க."

அங்கே அந்தப் புல் கிடுகிடுவென வளர்ந்தது, வந்தவர்கள் படம் எடுத்துக்கொண்டார்கள். கோடையில் அது பாய்போலக் காய்ந்து படிய, அடியில் நாட்டுவிதை வெளிச்சம் காணாமல் செத்தது. மழை வந்து பாயையும் மண்ணையும் சேர்த்தே உருட்டிக்கொண்டு போனது. மிச்சத்தை வழித்துப் போட்டவன் இவன்தான். அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் பூட்ஸை மட்டும் கழுவிக்கொண்டே இருந்தான்.

"தெரியும் அண்ணி. இது ஒரு தடவைதான்."

"அவங்க வரும்போது என்னைக் கூப்பிடுங்க. தோண்டி வேரைக் காட்டுறேன்."

"வேரைக் காட்டினா கைதட்டுவாங்களா?"

தட்ட மாட்டார்கள். அது அவளுக்கும் தெரியும். சுரங்கம் தொடாமல் விட்ட வேலியோரத் துண்டில் இந்த வருஷம் விளைந்ததெல்லாம் இந்தக் குவியல்தான். சீமைப்புல்லைக் கலந்துவிட்டால் பிரித்தெடுக்க முடியாது.

முடியாது என்று சொல்லப்போகிறேனா? அந்த நினைப்பே அவளைத் திடுக்கிட வைத்தது. இது மண்ணின்மேல் இருக்கிற அக்கறையா, இல்லை வெறும் வீம்பா? வீட்டில் எந்தக் குழம்பு என்பதிலிருந்து எந்த ஊரில் குடியிருப்பது என்பது வரை அவளைக் கேட்டு நடந்ததில்லை. இந்த அறையில் மட்டும் அவள் அள்ளியதுதான் அளவு. அந்தச் சின்ன அதிகாரத்தை விட மனசில்லையோ? இருக்கலாம். அதை அவள் தனக்குள் மறுக்கவில்லை. ஆனால் ஒருமுறை சரிவில் குனிந்து, நகத்தளவு இருந்த ஒரு முளையைப் பிடுங்கியதும் நினைவுக்கு வந்தது. வேர் முழங்கை நீளத்துக்கு வந்துகொண்டே இருந்தது. தூங்குகிறவரின் போர்வையை விலக்கிவிட்டதைப் போலக் கூசி, அவசரமாக மண்ணைத் தள்ளி மூடினாள்.

"என்ன அண்ணி யோசிக்கிறீங்க? அண்ணன்கிட்ட போன்லயே பேசிட்டேன். 'அவ சரின்னுதான் சொல்லுவா, போய்க் குடு'ன்னுட்டாரு."

அவர் வேறொரு சுரங்கத்தில், நாள்பூராவும் லாரி ஓட்டிக்கொண்டு, அங்கிருந்தே இவளுக்காகச் சரி சொல்லிவிட்டார். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. அவர் சொன்னது இன்று காலை வரைக்கும் உண்மைதான்.

டீயை ஒரே மூச்சில் குடித்து, டம்ளரை ஜன்னல் விளிம்பில் வைத்தாள். மூலையிலிருந்த மணல் மூட்டையை இழுத்து வாய்க்கட்டை அவிழ்த்தாள். இரண்டு கையாலும் அள்ளி விதைக் குவியலின்மேல் தூவி, சிக்கெடுப்பதுபோல விரல்களை விட்டுப் பிசிற ஆரம்பித்தாள்.

"அண்ணி..."

"சாக்கை அங்க வைக்காதீங்க தம்பி. தும்மிக்கிட்டே வருவா, தடுக்கி விழுந்துடுவா" என்றாள், தலை நிமிராமல். "வண்டியிலயே ஏத்திடுங்க."