பன்னிரண்டரை மணி டொக்

ஹீட்டரில் இரண்டு குமிழ்கள் இருக்கின்றன என்பதை எனக்குச் சொல்லிக்கொடுக்க ஒரே வாரத்தில் மூன்று பேர் கிளம்பினார்கள். முப்பத்தொரு வருடமாக அதே குமிழ்களைத் திருகிக்கொண்டும் துடைத்துக்கொண்டும் இருக்கிறவள் நான். ஹெக்டர் மட்டும் வீட்டுக்கு வர வேண்டியிருக்காவிட்டால் மூன்று பேரையும் துறைமுகத்தில் தள்ளிவிட்டிருப்பேன்.

ஹெக்டர் என் புருஷன். டிசம்பரில் கறிக்கடை வாசல் பனியில் வழுக்கி, இடுப்பெலும்பை முறித்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். எலும்பு கூடிவிட்டது, வீட்டுக்கு அனுப்பலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். ஆனால் வீடு காலை வேளையிலும் பதினெட்டு டிகிரி இருக்க வேண்டுமாம். அதைப் பார்த்துக் கையெழுத்துப் போட ஐலீன் கெர் என்ற அதிகாரி வருவாள். அவள் போடவில்லை என்றால் ஹெக்டரை இன்வர்னெஸ் பக்கம் ஒரு முதியோர் இல்லத்துக்கு அனுப்பிவிடுவார்கள். எங்கள் துறைமுக ஊரான விக்கிலிருந்து நூறு மைல். அங்கே போனவர்கள் யாரும் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

எங்கள் குடியிருப்பில் எல்லா வீட்டுக்கும் ராத்திரிக் கரண்ட்தான். அந்த நேரத்தில் மலிவு. பன்னிரண்டரையிலிருந்து காலை ஏழரை வரை ஹீட்டருக்குள் அடுக்கியிருக்கும் செங்கல் சூடேறும், தொட்டித் தண்ணீரும் காயும். பிறகு பகல் முழுக்கச் செங்கல் அந்தச் சூட்டை வெளியே விடும். உள்ளே எவ்வளவு வாங்குவது என்பதற்கு இன்புட் குமிழ், வெளியே எவ்வளவு விடுவது என்பதற்கு அவுட்புட் குமிழ். அவ்வளவுதான் சங்கதி. இதற்குப் பட்டம் வாங்க வேண்டியதில்லை.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை புயல் அடித்தது. ராத்திரி ஒன்பது மணிக்குப் போன கரண்ட் மறுநாள் காலை ஒன்பதுக்குத்தான் வந்தது. அதிலிருந்து பிடித்தது சனியன். விடிந்து எழுந்தால் ஹீட்டர் சில்லிட்டுக் கிடக்கிறது. குழாயில் வெதுவெதுப்பாக ஒரு தண்ணீர். சாயங்காலமானால் அதே ஹீட்டர் கை வைக்க முடியாமல் சுடுகிறது.

எங்களுக்கு வீட்டை வாடகைக்கு விட்டிருக்கும் குடியிருப்புச் சங்கத்துக்கு போன் செய்தேன். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு, ரிப்பேர் பார்க்க டெரெக் மௌவட்டை அனுப்பினார்கள். டெரெக்கை அவனுடைய ஐந்து வயதிலிருந்து எனக்குத் தெரியும். இருபத்திரண்டு வருடம் பள்ளிக்கூடச் சமையலறையில் நின்றவள் நான். இரண்டாவது கரண்டி சூப்புக்குக் கிண்ணத்தை நீட்டிக்கொண்டு என் முன்னால் நின்ற பையன் அவன். இப்போது தொப்பையும் சட்டைப்பையில் இரண்டு பேனாவுமாக வந்து ஹீட்டரைத் தொட்டுப் பார்த்தான்.

“கொதிக்குதே நெட்டாம்மா. இதுல என்ன கோளாறு?”

“இப்ப கொதிக்கும். காலையில வந்து தொடு.”

“அவுட்புட்டைத் தொறந்து போட்டுட்டுத் தூங்கியிருப்பீங்க. ராவோட ராவா சூடெல்லாம் போயிருக்கும். இந்தா பாருங்க, இது இன்புட்டு, இது வந்து...”

“எது எதுன்னு எனக்குத் தெரியும் டெரெக்.”

“எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க.” சிரித்துக்கொண்டே துண்டுச்சீட்டை எடுத்தான். “ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்.”

சீட்டில் எழுதினான்: கோளாறு இல்லை, பயன்படுத்தும் முறை விளக்கப்பட்டது. வியாழக்கிழமை மறுபடி கூப்பிட்டேன். மறுபடி ஐந்து மணிக்கே வந்தான். மறுபடி அதே சீட்டு. காலையில் வாடா என்றால் காலையில் அவனுக்கு வேறு வேலையாம். இரண்டு சீட்டையும் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வைத்தேன். ஒவ்வொரு முறை பால் எடுக்கும்போதும் வயிறு எரிந்தது.

அடுத்த திங்கள் காலை ஒன்பது மணிக்கு ஐலீன் கெர் வந்தாள். வெப்பமானியை மேஜையில் வைத்துவிட்டுக் கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தாள். பதினொன்று. பக்கத்தில் பிளக்கில் செருகும் சின்ன ஹீட்டர் ஒன்றை வைத்திருந்தேன். அது கணக்கில் வராது, ஒயர் தடுக்கி அவர் விழுவார் என்று சொல்லிவிட்டாள். சங்கத்திலிருந்து டெரெக்கின் சீட்டுகள் அவள் கைக்கு முன்னாலேயே போயிருந்தன.

“மிஸஸ் பிரெம்னர், தப்பா நெனச்சுக்காதீங்க. ரெண்டு தடவை சொல்லிக்கொடுத்திருக்காங்க. இந்த ரெண்டு குமிழே உங்களுக்குச் சிரமமா இருக்குன்னா, அவருக்கு வேளாவேளைக்கு மாத்திரை, மருந்தெல்லாம் எப்படிக் குடுப்பீங்க?”

ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டாள். செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. எனக்குப் புத்தி மழுங்கிவிட்டது என்று அந்த இரண்டு சீட்டுகள் சொல்கின்றன, அவற்றை வைத்து என் புருஷனை நூறு மைல் தள்ளப் போகிறார்கள். வெள்ளிக்கிழமை காலை கடைசியாக ஒரு தடவை வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

மத்தியான வேளையில் நான் வீட்டில் இருப்பதே இல்லை. ஹெக்டருக்குச் சாப்பாடு கொடுக்க ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவேன். அந்தச் செவ்வாய்க்கிழமை பனி கொட்டியதில் பஸ் ஓடவில்லை. பார்லி போட்ட ஆட்டுக்கறிச் சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். நடைக்கூடத்து அலமாரியிலிருந்து ‘டொக்’ என்று ஒரு சத்தம்.

கரண்டி அப்படியே நின்றது. முப்பத்தொரு வருடமாக, தூக்கம் வராத ராத்திரிகளில் கேட்ட சத்தம் அது. ராத்திரிக் கரண்ட் போடுகிற சத்தம். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். மத்தியானம் பன்னிரண்டரை.

அலமாரியைத் திறந்தேன். மீட்டருக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒரு பெட்டி. ராத்திரிக் கரண்டைப் போட்டு அணைக்கிற கடிகாரம் அதற்குள் இருக்கிறது. மற்ற வீடுகளில் புதுசு மாற்றிவிட்டார்கள், என்னுடையது இன்னும் பழசு. வட்டத்தில் பாதி வெள்ளை, அது பகல். பாதி கறுப்பு, அது இரவு. முள் கறுப்பில் நின்றது, பன்னிரண்டரையில். புயலன்று ராத்திரி ஒன்பது மணிக்கு நின்ற கடிகாரம், மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கரண்ட் வந்ததும் விட்ட இடத்திலிருந்து ஓடியிருக்கிறது. பன்னிரண்டு மணி நேரம் பின்னால். என் வீட்டுக்கு மட்டும் மத்தியானம்தான் நடுராத்திரி. டெரெக் வருகிற ஐந்து மணிக்குச் சூடு ஏறிக்கொண்டிருக்கும், ஐலீன் வருகிற ஒன்பது மணிக்கு எல்லாம் காலி.

பெட்டியில் ஈய முத்திரை. கை வைத்தால் குற்றம். டெரெக்குக்கு போன் செய்தேன்.

“அந்தக் கடிகாரம் எங்களுது இல்ல நெட்டாம்மா, கரண்ட் கம்பெனிக்காரங்களுது.”

கரண்ட் கம்பெனிக்குப் போட்டேன். நாற்பது நிமிடம் பாட்டுப் போட்டுவிட்டு ஒரு பெண் வந்தாள். கடிகாரம் பன்னிரண்டு மணி நேரம் பின்னால் ஓடுகிறது என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். தாளைப் பார்த்துப் படித்தாள்.

“இன்புட் குமிழைச் சரியா வச்சிருக்கீங்களான்னு பார்த்தீங்களா மேடம்?”

மூன்றாவது ஆள். என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது. ஆள் வர மூன்று வாரம் ஆகும் என்றாள்.

சரி, குமிழ்தானே உங்கள் எல்லாருக்கும் வேண்டும், குமிழாலேயே காட்டுகிறேன் என்று எனக்கு வெறி வந்தது. வியாழன் மத்தியானம் டொக் கேட்டதும் இன்புட்டைக் கடைசிவரை திருகினேன், அவுட்புட்டை இறுக்கி மூடினேன். சாயங்காலம் முழுவதும் ஹெக்டரின் மீன்பிடிக் கோட்டுக்குள் உட்கார்ந்து, ஹீட்டருக்குள் கிடக்கும் சூட்டைத் தொடாமல் காவல் காத்தேன். காலை ஆறு மணிக்கு அவுட்புட்டை முழுக்கத் திறந்தேன்.

ஒன்பது மணிக்கு ஐலீனின் வெப்பமானி பத்தொன்பது காட்டியது. அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

“பாத்தீங்களா, எவ்வளவு சுலபம்? இப்ப கோளாறு எதுவும் இல்லையே? ஏன்னா கோளாறு இருந்தா அது ரிப்பேர் ஆகி சர்டிபிகேட் வர்ற வரைக்கும் நான் கையெழுத்துப் போட முடியாது.”

அலமாரிக் கதவு அவளுக்கு மூன்றடி தள்ளி இருந்தது. திறந்து காட்டியிருந்தால் போதும். காலை ஒன்பது மணிக்கு இரவு ஒன்பதைக் காட்டும் கடிகாரத்தைப் பார்த்திருப்பாள். நான் சொன்னதுதான் சரி என்று ஆகியிருக்கும். ஹெக்டர் இன்வர்னெஸ் போயிருப்பார்.

“ஒரு கோளாறும் இல்ல,” என்றேன். “எனக்குத்தான் குமிழ் புரியல. இப்ப புரிஞ்சிடுச்சு.”

‘ஆலோசனைக்குப் பின் முன்னேற்றம்’ என்று எழுதி, கீழே என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னாள். போட்டேன். பேனா தாளைக் கிழிக்கப் பார்த்தது. அவள் போனதும் கழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு, கோபத்தில் கொஞ்ச நேரம் அழுதேன்.

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு ஹெக்டரைக் கொண்டு வந்து அவருடைய நாற்காலியிலேயே உட்கார வைத்தார்கள். கடிகாரத்தைப் பற்றி அவரிடம் மூச்சுவிடவில்லை. சூப்பை ஊற்றிக் கொடுத்தேன். இரண்டு வாய் குடித்திருப்பார். டொக்.

தலையைத் தூக்கினார். ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார்.

“மத்தியானத்துல ஏன் அடிக்குது? புயல்ல கடிகாரம் நின்னுருக்கும் நெட்டா. இந்தக் குளிர்ல எப்படி இருந்த நீ?”

மூன்று நொடி. சீட்டு இல்லை, வெப்பமானி இல்லை, நாற்பது நிமிடப் பாட்டு இல்லை. மூன்றே நொடி.

வந்து சேர்ந்தவரைத் திருப்பி எடுத்துப் போக மாட்டார்கள் என்று ஆஸ்பத்திரி நர்ஸிடம் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன். அப்புறம் டெரெக்குக்கு போன் போட்டேன். ஹெக்டரைப் பார்க்க வா, நாளைக்குப் பன்னிரண்டு மணிக்குச் சூப்பு வைக்கிறேன் என்றேன். சாப்பாடு என்றதும் அவனுக்கு மத்தியானத்தில் வேறு வேலை எதுவும் இல்லை.

வந்தான். பழைய பழக்கம், முதல் கிண்ணத்தை வழித்துக் குடித்துவிட்டு நீட்டினான். நான் கரண்டியைப் பானைக்குள்ளேயே வைத்திருந்தேன்.

“இருடா. ஒரு நிமிஷம் வாய மூடிட்டுக் கேளு.”

டொக்.

டெரெக் அலமாரியைப் பார்த்தான். கைக்கடிகாரத்தைப் பார்த்தான். எழுந்து போய்க் கண்ணாடிப் பெட்டியின் முன் வெகுநேரம் நின்றான். திரும்பி வந்தபோது காதெல்லாம் சிவந்திருந்தது. ஹெக்டர் தன் கிண்ணத்துக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

குளிர்பெட்டியிலிருந்து இரண்டு சீட்டையும் எடுத்து மேஜையில் வைத்தேன். அவன் சட்டைப்பையிலிருந்து ஒரு பேனாவை நானே உருவிக் கொடுத்தேன்.

“எழுது.”

“என்னன்னு எழுத, நெட்டாம்மா?”

“கூடம் கோணல்னு எழுது.”

இரண்டு சீட்டிலும் அவன் எழுதி முடிக்கும்வரை நான் இரண்டாவது கரண்டி ஊற்றவில்லை.