பனிக்காலப் பட்டை

கொல்லையில் அண்டாவின் அடியில் எரிந்துகொண்டிருந்த ஆவாரம்பட்டையைச் சாரா வெறுங்கையால் வெளியே இழுத்தாள். விரல் சுட்டதுதான் மிச்சம். பட்டை கரியாகி உடைந்தது.

"மாடில காஞ்சதா இது?"

"ஆமா," என்றான் தம்பி மோசஸ். இன்னொரு கை அள்ளிக் கல்லடுப்பில் போட்டான்.

விடிகாலையில் இறந்துபோன அப்பா எபனேசர் கூடத்தில் கிடந்தார். பிணத்துக்கு ஊற்றும் தண்ணீரை வீட்டு அடுப்பில் வைக்கக் கூடாது என்று அத்தை பெர்சிஸ் ஒற்றைக்காலில் நின்றாள். ஜெபம் கிறிஸ்தவர்களுடையது, சாஸ்திரம் மட்டும் ஊருடையது. கேஸைத் தவிர வேறெதுவும் எரியாத வீட்டில் விறகுக்கு எங்கே போவது? மோசஸ் மாடிக்குப் போனான்.

அப்பா வேலூரில் காலேஜ் வாத்தியார், சரித்திரம். வெள்ளைக்காரன் காலத்தில் தோல் பதனிட இந்தப் பக்கத்து மலைகளிலிருந்து எவ்வளவு ஆவாரம்பட்டை போனது என்று அளப்பதிலேயே ஆயுளைக் கழித்தார். பழைய ரயில் கணக்கில் இருப்பது காய்ந்த பட்டையின் எடை. செடியிலிருந்து உரித்ததோ பச்சைப் பட்டை. அப்படியென்றால் காட்டின் நஷ்டம் கணக்கைவிடப் பல மடங்கு என்பார். எத்தனை மடங்கு என்று சிரித்தவர்களுக்காக, அணைக்கட்டு ஊர்ப் பக்கம் போய்த் தானே உரித்து வந்து எடைபோட்டார். மாடியில் காயவைத்து மறுபடி எடைபோட்டார். கோடையில் பார்த்தாயிற்று, மழையிலும் பார்த்தாயிற்று. பனிக்காலப் பட்டைதான் பாக்கி. திங்கட்கிழமை எடைபோட்டால் புத்தகம் முடிந்தது என்று நேற்றுகூடச் சாராவிடம் சொன்னார்.

"தெரிஞ்சேதான் போட்டியா?"

"ஆம்பூர்ல தோல் கம்பெனில இருக்கறேன். எனக்கு ஆவாரம்பட்ட தெரியாதா?"

"அப்பா உசுரே அதுலதானடா இருந்துது."

"அதான் பேஜாரு." மோசஸ் நெருப்பைப் பார்த்தே பேசினான். "தொட்டி கழுவறப்ப வாயு அடிச்சி ஆஸ்பத்திரில கெடந்தேன்ல. மூக்குல டியூப்பு. அப்ப வந்து இன்னா கேட்டாரு தெரியுமா? தெனம் எவ்ளோ தோலு ஊறப்போடறீங்கன்னு கேட்டாரு. திரும்பத் திரும்ப அதையே கேட்டாரு. எப்டி இருக்கறன்னு ஒரு வார்த்த கேக்கல."

சாராவுக்கு ஆத்திரம் பொங்கியது. பெற்றவர் உடம்பு இன்னும் விறைக்கவில்லை, அதற்குள் பழி தீர்க்கிறான் பாவி. அந்த நிமிடம் அவனை மனதார வெறுத்தாள்.

"அதுக்கு இத எரிப்பியா?"

"எரிப்பேன்."

"அடுத்த பனிக்கு நான் உரிப்பேன். நானே எட போடுவேன்."

"போடு. என்னக் கூப்டாத."

"உன்ன யாரு கூப்டா?"

"தண்ணி காஞ்சிது போதும், எடுங்க," என்றாள் பெர்சிஸ் உள்ளிருந்து.

சாரா நர்ஸ். அவள்தான் குளிப்பாட்ட வேண்டும் என்பது யாரும் கேட்காமலே முடிவாகியிருந்தது. கொல்லையில் புடவைகளை மறைப்பாகக் கட்டி அப்பாவைப் பெஞ்சில் கிடத்தினார்கள். சாரா அண்டாவில் கைவிட்டுப் பார்த்தாள். சூடு அதிகம். பச்சைத் தண்ணீர் கலந்து விளாவினாள். உயிரோடு இருப்பவருக்கு விளாவுவதுபோலத்தான்.

தலையைத் தூக்கிப் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது. மோசஸ் வந்து நின்றான். அக்காவின் முகத்தையும் பார்க்கவில்லை, அப்பாவின் முகத்தையும் பார்க்கவில்லை. மதில்மேல் பார்வையை வைத்துக்கொண்டு பிடித்தான்.

சாரா சொம்பைத் தூக்கினாள்.

"இரு," என்றான். தண்ணீர் உள்ளே போகாதபடி அப்பாவின் காதுமடல் இரண்டையும் விரல்களால் மடித்து மூடிக்கொண்டான்.

"ம், ஊத்து."