நான்காவது தீர்மானம் தோற்ற விதம்

எங்கள் நகர மன்றத்தில் ஓட்டெடுப்பை ஒழித்து ஆறு மாதம் ஆகியிருந்தது. பழைய மன்றத்தில் நாற்பத்திரண்டு பேர். அவர்களில் இருவர் வதை முகாமில் இருந்தார்கள், ஒருவர் எல்லை தாண்டி பிராகுக்குப் போய்விட்டார், மற்றவர்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை. இப்போது இருப்பவர்கள் பதினெட்டுப் பேர். எல்லோரும் நாஜிக் கட்சி நியமித்தவர்கள். மேயர் வாசிப்பார், அவர்கள் கேட்பார்கள், "இது என் முடிவு" என்பார், முடிந்தது. மேயர் வெண்ட்ரிஷ் அதற்கு முன் மெத்தை விற்றவர்.

நான் சுருக்கெழுத்தில் குறிப்பு எடுப்பவள். என் மேஜைக்குப் பக்கத்தில், சுவரை ஒட்டி, ஓஸ்வின் க்ராய்டெல் நிற்பார். இருபத்து மூன்று வருடங்களாக, ஓட்டெடுப்பில் உயரும் கைகளை எண்ணுவதுதான் அவர் வேலை. எண்ணக் கைகளே இல்லாத பிறகும் அதே இடத்தில் நின்றார்.

அந்த ஜூலை மாத மதியம், கூட்டத்துக்கு முன்னால் நிகழ்ச்சிநிரலை அவரிடம் காட்டினேன். நான்காவது: கை எண்ணுபவர் பதவி நீக்கம்.

"என்னைத்தானே?" என்றார்.

"உங்களைத்தான்."

"அம்பத்தெட்டு வயசுல இனி எவன் என்னைக் கூப்பிட்டு எண்ணச் சொல்வான் அம்மணி? வாத்து மேய்க்கப் போனாலாவது எண்ணலாம்."

"சிரிக்க வைக்காதீங்க. உள்ளே எனக்கு அடங்காது."

முதல் மூன்று விஷயங்களும் வெயிலில் வெண்ணெய் உருகுவது போல வழிந்து போயின. முன்வரிசையில் கறிக்கடை ட்ராய்ட்லர் தூங்கினார். பழைய மன்றத்திலும் இருந்த ஒரே ஆள் அவர். பதினான்கு வருடங்கள் எல்லாவற்றையும் எதிர்த்துக் கை தூக்கியவர், சரியான நாளில் கட்சி மாறியவர்.

மேயர் நான்காவதை வாசித்தார். "ஓட்டு இல்லாத இடத்தில் எண்ணுபவர் தேவையில்லை. பதவி நீக்கப்படுகிறது. இது என் முடிவு."

பழைய நாட்களில் அந்த இடத்தில் என்ன வருமோ, அது வந்தது.

"எதிர்ப்பவர்கள் கை தூக்குங்கள்!" என்றார் க்ராய்டெல்.

அவரே திடுக்கிட்டார். ஆனால் ட்ராய்ட்லரின் கை, கண் திறப்பதற்கு முன்பே, மேலே போய்விட்டது. பக்கத்தில் தூங்கிய தபால் அதிகாரி விழித்துப் பார்த்தார்: முன்வரிசையில் ஒரு கை உயர்ந்திருக்கிறது. யாரோ பெரிய ஆள் உள்ளே வந்துவிட்டார் என்று நினைத்துத் துள்ளி எழுந்து, வலது கையை நீட்டி உயர்த்திக் கட்சி வணக்கம் வைத்தார். அவரைப் பார்த்து அடுத்தவர், அவரைப் பார்த்துப் பின்வரிசை. நாற்காலிகள் கடகடவென்று சரிந்தன. பதினெட்டுக் கைகள். இத்தனை பேர் வணக்கம் வைக்கும்போது வைக்காமல் இருக்க முடியுமா? மேயரும் வைத்தார்.

யாருக்கு வணக்கம் என்று யாருக்கும் தெரியவில்லை. முதலில் கையை இறக்கவும் யாருக்கும் தைரியமில்லை. க்ராய்டெல் பென்சிலை எடுத்தார். வரிசை வரிசையாக, நிதானமாக, ஒவ்வொரு கையாகச் சுட்டி எண்ணினார். தபால் அதிகாரி இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிக்கொண்டார். நான் உதட்டைக் கடித்தேன், ரத்தம் உப்புக் கரித்தது.

"பதினெட்டு. மேயர் ஐயாவோட சேர்த்துப் பத்தொன்பது. தீர்மானம் ஏகமனதாகத் தோற்றது."

கைகள் இறங்கின. மேயர் என் பக்கம் திரும்பினார். "இதையெல்லாம் எழுதாதே."

"எழுதியாச்சு ஐயா. குறிப்பு மாவட்டக் கட்சி ஆபீசுக்குப் போகணும். எல்லாரும் உங்களை எதிர்த்தாங்கன்னு வைக்கவா? இல்ல, வணக்கத்தை ஓட்டுன்னு எண்ணிட்டாங்கன்னு வைக்கவா?"

ட்ராய்ட்லர் மெதுவாகக் கேட்டார்: "யாருய்யா வந்தது?"

"ஒத்திவைப்பு!" என்று கத்தினார் மேயர். "நாலாவது ஒத்திவைப்பு! கூட்டம் முடிஞ்சது!"

நடைபாதையில் நானும் க்ராய்டெலும் சுவரில் சாய்ந்து, விலா வலிக்கச் சிரித்தோம். ட்ராய்ட்லர் எங்களைக் கடந்து போனார். "என் கை என் பேச்சைக் கேக்கலையே!" என்று சொல்லிவிட்டு அவரும் சிரித்தார். பிறகு இரு பக்கமும் பார்த்துக்கொண்டு வேகமாக நடந்தார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு க்ராய்டெலுக்கு ஒரு கடிதம் வந்தது. மூன்று வரி. இன்று முதல் வேலை இல்லை. கீழே மேயரின் கையெழுத்து மட்டும். கூட்டம் தேவைப்படவில்லை. உண்மையில் நேற்றும் தேவைப்பட்டிருக்காது.

க்ராய்டெல் அதை இரண்டு முறை படித்தார். அவர் தொப்பியை மாட்டினார்.

"இந்த ஊர்ல எந்த மேயருக்காவது ஏகமனதா ஆதரவு கிடைச்சிருக்கா அம்மணி?"

"இல்ல."

"எனக்குக் கிடைச்சுது. மேயரே கை தூக்கினாரு!"

கல் படிகளில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கினார். அவர் சிரிப்பு கீழ்த்தளத்தில் மோதி மேலே திரும்பி வந்தது. மேயர் கதவைத் திறந்து தலையை நீட்டினார்.

"யாரு சிரிக்கிறது?"

"க்ராய்டெல், ஐயா."

"அந்த ஆள் இன்னுமா போகல?"

"போய்க்கிட்டேதான் இருக்காரு" என்றேன்.