தரையில் ஒன்றும் கிடக்கக் கூடாது

சவப்பெட்டிக்குள் கிடந்த புருஷன் வெண்டலின் போலீஸ் சட்டைக் கழுத்துப்பட்டையை வெர்னா சரிசெய்துகொண்டிருந்தாள். பின்னால் ஷூ சத்தம் கேட்டது. கேப்டன் ப்ரூயிட். ஜூலை வெயிலில் கலிபோர்னியாவே வெந்துகொண்டிருக்க, அந்த ஆள் மட்டும் வாசனைத் தைலம் பூசி கமகமவென்று வந்து நின்றார்.

"உனக்கு நானே சொல்லணும்னு வந்தேன் வெர்னா. அவன் கால்சட்டை பாக்கெட்ல ஆறு காலித் தோட்டா இருந்துச்சு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ரிவால்வர்ல ஆறும் சுட்டு முடிச்சதும் காலித் தோட்டாவக் கீழ தட்டிவிட்டுட்டு உடனே புதுசு போட்டிருக்கணும். இவன் கையில கொட்டி, பாக்கெட்ல போட்டுட்டு, அப்புறம் ஒண்ணொண்ணா போட்டிருக்கான். அதுக்குள்ள, ரோட்டுல இவன் மடக்கின அந்தக் கொள்ளைக்காரன் காரைச் சுத்தி வந்து சுட்டுட்டான். பதட்டம்தான், வேறென்ன. அறிக்கையிலயும் அப்படித்தான் வரும்."

"பதட்டமா?" வெர்னா கழுத்துப்பட்டையை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினாள். "பயிற்சி மைதானத்துல ஒரு காலித் தோட்டா தரையில கிடந்தா வெயில்ல குனிஞ்சு பொறுக்க விட்டது யாரு? எட்டு வருஷமா துவைக்கறதுக்கு முன்னாடி அவர் பாக்கெட்லேர்ந்து காலித் தோட்டாவ எடுத்துப்போட்டவ நான், கேப்டன்."

ப்ரூயிட் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அதெல்லாம் இனிமே கிடையாதும்மா. எல்லாத்தையும் மாத்தறோம். ரோந்துல எந்தத் தோட்டாவோ அதேதான் பயிற்சியிலயும், வலு குறைஞ்சது கிடையாது. துப்பாக்கியும் புதுசு. இதைப் பாரு." கோட்டுப் பையிலிருந்து வட்டமான ஒரு கருவியை எடுத்தார். ஆறு தோட்டாக்கள் அதில் வளையமாக நின்றன. சவப்பெட்டிக்கு மேலேயே கையை நீட்டிக் காட்டினார். "ஒரே அமுக்கு. ஆறும் உள்ள போயிடும். ரெண்டே செகண்டு!"

தெருவில் பொம்மை விற்கிறவன்கூட இன்னும் அடக்கமாகக் காட்டியிருப்பான். புருஷனின் முகத்துக்கு மேல் ஆடிய அந்தக் கொழுத்த கையைத் தட்டிவிட வேண்டும்போல் இருந்தது அவளுக்கு.

"இது கடைக்கு வந்து எத்தனை நாளாச்சு?"

"அது... ரெண்டு மூணு வருஷம் இருக்கும்."

வெர்னா கழுத்துப்பட்டையின் மடிப்பை மறுபடி நீவினாள்.

"சொல்லிக்கொடுத்தபடியே செஞ்சு செத்தாருன்னு எழுதுங்க. எனக்கு வேற எதுவும் வேண்டாம். நாளைக்கு ஊர் அவரைக் கோழைன்னு பேசக் கூடாது."

"பார்க்கலாம்மா."

கல்லறையில் மரியாதை வேட்டு மூன்று முறை முழங்கியது. பெட்டியின் மேல் போர்த்தியிருந்த கொடியை மடித்து அவள் மடியில் வைத்தார்கள். பிறகு கேப்டன் வழக்கப்படி அந்த வேட்டுகளின் மூன்று காலித் தோட்டாக்களைக் கொண்டுவந்து அவள் உள்ளங்கையில் வைத்தார். அவற்றில் சூடு இன்னும் ஆறவில்லை.

"அறிக்கை?" என்றாள்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "மேலிடத்துல முடிவு பண்ணிட்டாங்க வெர்னா. பதட்டம்னுதான் போகுது."

வெர்னா கையைக் கவிழ்த்தாள். மூன்றும் புல்லில் விழுந்தன.

கேப்டன் சட்டென்று குனிந்தார். வரிசையில் விறைத்து நின்ற போலீஸ்காரர்களில் இரண்டு பேரும் குனிந்தார்கள்.